பழைய பிளாஸ்மா டிவியில் கேம் ஆடலாமா? 600 ஹெர்ட்ஸ் ஸ்டிக்கர் முதல் மூணாறு குளிர் வரை

போடி, கம்பம், தேனியில் உள்ள செகண்ட் ஹேண்ட் கடைகளிலும், மலைக்கு மேலே குமுளி, கட்டப்பனை, மூணாறு பக்கத்திலும் பழைய பிளாஸ்மா டிவிகள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. வளைகுடா நாடுகளில் வேலை பார்த்தவர்கள் விமானத்தில் கொண்டுவந்தவை சில. லாட்ஜ், ரிசார்ட் வரவேற்பறைகளில் மாட்டியிருந்து கழற்றப்பட்டவை சில. 42 அங்குலம், 50 அங்குலம் என்று பெரிதாக இருக்கும், விலையும் குறைவு. வீட்டில் கேம் ஆடும் பிள்ளை இருந்தால் கண் அதன்மேல்தான் போகும்.

குழப்பம் ஸ்டிக்கரில் தொடங்குகிறது. பிளாஸ்மாவின் ஓரத்தில் "600 ஹெர்ட்ஸ்", அதாவது நொடிக்கு 600 முறை, என்று ஒட்டியிருக்கிறது. புதிய கேமிங் டிவியின் விளம்பரத்திலோ 120 ஹெர்ட்ஸ்தான். அப்படியானால் பழையது ஐந்து மடங்கு உசத்தியா? இன்னொரு பக்கம், "பிளாஸ்மாவில் கேம் போட்டால் திரை கருகிவிடும்" என்ற பேச்சு. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு, நிறையப் பிழையும் உண்டு. பிளாஸ்மா எப்படி எரிகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றக் கேள்விகளுக்கெல்லாம் அதிலிருந்தே பதில் கிடைக்கும்.

பல லட்சம் குட்டி டியூப் லைட்டுகள்

பிளாஸ்மா திரை என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே அடைத்து வைத்த மிகச்சிறிய அறைகளின் தொகுப்பு. ஒவ்வோர் அறையிலும் நியான், செனான் வாயுக் கலவை இருக்கிறது. மின்முனைகள் வழியாக உயர் மின்னழுத்தம் பாயும்போது வாயு அயனியாகி, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை விடுகிறது. அந்தக் கதிர் அறையின் சுவரில் பூசியுள்ள பாஸ்பர் என்ற ஒளிரும் பொடியில் பட்டதும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒரு நிறம் ஒளிர்கிறது. வீட்டு டியூப் லைட்டும் அடிப்படையில் இதே வேலையைத்தான் செய்கிறது. அங்கே வாயு வேறு, அவ்வளவுதான்.

1024க்கு 768 புள்ளிகள் கொண்ட 42 அங்குலத் திரையில் புள்ளிக்கு 3 அறை என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 23.6 லட்சம் அறைகள். 1920க்கு 1080 திரையில் 62 லட்சம். இவற்றில் ஒவ்வொன்றும் தானே எரியும் விளக்கு. எல்சிடி, எல்இடி டிவிகளில் நிலைமை வேறு. அங்கே பின்னால் பொதுவான விளக்கு எரிந்துகொண்டிருக்கும், முன்னாலுள்ள திரவப் படிகம் அதை மறைத்தும் திறந்தும் படம் காட்டும்.

புள்ளி தோறும் தனி விளக்கு: பிளாஸ்மாவின் ஆழ்ந்த கறுப்பு, அசைவில் காட்டும் தெளிவு, திரையில் விழும் தழும்பு, சூடு, கரண்ட் செலவு எல்லாமே இந்த ஒன்றிலிருந்து பிறப்பவை. நல்லதை மட்டும் எடுத்துக்கொண்டு கெட்டதை விடுவதற்கு வழியில்லை.

கேமுக்கும் பிளாஸ்மாவுக்கும் உள்ள உறவு பலர் நினைப்பதைவிடப் பழையது. 1964இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்டு பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, ராபர்ட் வில்சன் ஆகிய மூவரும் பிளாஸ்மா திரையை உருவாக்கினார்கள். அது டிவிக்காகச் செய்யப்பட்டதல்ல; பிளேட்டோ என்ற கணினிவழிக் கல்வி அமைப்புக்காகச் செய்யப்பட்டது. எழுத்தும் படமும் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். 1970களில் மாணவர்கள் அந்தத் திரைகளில் பாடம் படித்ததோடு நிற்கவில்லை. பலர் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடும் ஆட்டங்களையும் எழுதி ஆடினார்கள். வீட்டுக் கூடத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே பிளாஸ்மா, கேம் திரையாக இருந்திருக்கிறது.

600 ஹெர்ட்ஸ் என்ற எண் எதைச் சொல்கிறது

பிளாஸ்மா அறைக்கு எரிவது, அணைவது என்ற இரண்டே நிலைதான். பாதி வெளிச்சம் என்பது அதற்குக் கிடையாது. அப்படியிருக்க, சாம்பல் நிறத்தை எப்படிக் காட்டும்? எவ்வளவு நேரம் எரிகிறது என்பதைக் கூட்டிக் குறைத்துத்தான்.

ஒரு நொடியில் 60 படங்கள் வருகின்றன என்று கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் 16.7 மில்லிசெகண்டை டிவி சிறு துண்டுகளாகப் பிரிக்கிறது. ஒரு துண்டு மிகக் குறுகியது, அடுத்தது அதைவிட நீளம், அதற்கடுத்தது இன்னும் நீளம். எந்தெந்தத் துண்டில் எரிவது, எதில் அணைந்திருப்பது என்று தேர்ந்தெடுத்தால் நூற்றுக்கணக்கான வெளிச்ச அளவுகளைக் காட்டிவிடலாம். இந்தத் துண்டுகளுக்குச் சப்-ஃபீல்ட் என்று பெயர். படத்துக்கு 10 துண்டு, நொடிக்கு 60 படம், பெருக்கினால் 600. ஸ்டிக்கரில் இருப்பது இந்தப் பெருக்கல்தான்.

நொடிக்கு 600 புதிய படங்களை டிவி வாங்குவதும் இல்லை, காட்டுவதும் இல்லை. கேம் ஆடும் பெட்டியான கன்சோலிலிருந்து அது ஏற்பது நொடிக்கு 60 படம் மட்டுமே. கடைசிக் காலத்து பானாசோனிக் மாடல்களில் 2500, 3000 என்ற எண்கள்கூட விளம்பரத்தில் வந்தன. அவையும் உள்ளே விளக்கை எரிக்கும் முறையைப் பற்றியவைதான். புதிய டிவியின் 120 ஹெர்ட்ஸ், உண்மையாகவே நொடிக்கு 120 தனித்தனிப் படங்களை ஏற்கும் திறன். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே தவறு. கடைக்காரர் ஒப்பிட்டுச் சொன்னால் அந்த இடத்திலேயே மறுத்துப் பேசலாம்.

பிறகு எதற்காகப் பலர் பிளாஸ்மாவை விடாமல் வைத்திருக்கிறார்கள்

அசைவுக்காக. இதை எண்ணால் பார்ப்பது எளிது.

கால்பந்து ஆட்டத்தில் பந்து, 1920 புள்ளி அகலமுள்ள திரையை இரண்டு நொடியில் கடக்கிறது. நொடிக்கு 960 புள்ளி. நொடிக்கு 60 படம் என்றால், ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே பந்து 16 புள்ளி நகர்கிறது. சாதாரண எல்சிடி ஒவ்வொரு படத்தையும் முழு 16.7 மில்லிசெகண்டுக்கும் அசையாமல் பிடித்துவைக்கிறது. ஆனால் நம் கண் பந்தைத் தொடர்ந்து வழுக்கிக்கொண்டே போகிறது. திரையில் நிற்கும் படமும் நகரும் கண்ணும் ஒத்துப்போகாததால், விழித்திரையில் 16 புள்ளி அகலத்துக்கு இழுவை விழுகிறது. பந்து மசமசவென்று தெரிவதற்கு இதுவே காரணம். திரவப் படிகம் மெதுவாகத் திரும்பினால் இழுவை இன்னும் கூடும்.

பிளாஸ்மாவில் விளக்கு துடிப்புத் துடிப்பாக எரிந்து அணைகிறது. ஒவ்வொரு படமும் நிலைத்து நிற்கும் நேரம் குறைவு. அதனால் இழுவையும் குறைவு. பின்பக்கம் புடைத்த பழைய குழாய் டிவியில் கேம் ஆடிப் பழகியவர்களுக்குப் பிளாஸ்மா உடனே பிடித்துப்போவது இதனால்தான். கார் பந்தயம், சண்டை ஆட்டம், கால்பந்து, சுடும் ஆட்டம் போன்றவற்றில் வேறுபாடு வெறும் கண்ணுக்கே தெரியும். மலிவான எல்இடி டிவிகளில் பெரும்பாலானவை இன்றும் இந்த ஒரு விஷயத்தில் நல்ல பிளாஸ்மாவுக்குப் பின்னால்தான் நிற்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

அசைவிலும் குறை இல்லாமல் இல்லை. மூன்று நிறப் பாஸ்பரும் ஒரே வேகத்தில் அணைவதில்லை. பச்சை சற்றுத் தாமதமாக அணையும். கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் பொருள் வேகமாகப் போனால் பின்னால் மஞ்சளும் பச்சையுமாக ஒரு நிழல் ஓடும். சிலர் கண்ணுக்கு இது படவே படாது. வேறு சிலருக்கு ஒருமுறை கண்டுவிட்டால் பிறகு அதுதான் தெரியும். மேலும், சப்-ஃபீல்ட் துண்டுகள் வெவ்வேறு நேரத்தில் எரிவதால், முகம் போன்ற மென்மையான நிறப்பரப்பு நகரும்போது மெல்லிய நிறக்கோடுகள் தோன்றும். இருட்டுக் காட்சிகளில் புள்ளிகள் பொடிப்பொடியாகத் துள்ளுவதும் உண்டு. வாங்கும் முன் கேமையே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். சினிமாப் பாட்டு ஓட்டிக் காட்டினால் இதெல்லாம் தெரியாது.

பட்டனை அழுத்தியதும் நடக்க வேண்டியது

அசைவுத் தெளிவு ஒன்று, தாமதம் வேறொன்று. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். கையிலுள்ள கன்ட்ரோலரில் பட்டனை அழுத்திய பிறகு அதன் விளைவு திரையில் தெரியும்வரை ஆகும் நேரத்தில் டிவிக்கும் பங்கு உண்டு. வந்த படத்தை டிவி முதலில் சேமிக்கிறது, தன் திரை அளவுக்கு மாற்றுகிறது, இரைச்சலைக் குறைக்கிறது, நிறத்தைக் கூட்டுகிறது. ஒவ்வொரு வேலைக்கும் சில மில்லிசெகண்ட் போகிறது. 16.7 மில்லிசெகண்ட் போனால் ஒரு படம் பின்தங்கிவிட்டோம் என்று பொருள்.

இது பிளாஸ்மா, எல்இடி என்ற வகையைப் பொறுத்ததல்ல. அந்தந்த மாடலின் உள்ளே இருக்கும் செயலியைப் பொறுத்தது. பிளாஸ்மா மாடல்களுக்குள்ளேயே ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் பெரிய வேறுபாடு இருந்தது. படத்தரத்தில் பெரிய பெயரெடுத்த மாடல்கள் சில, தாமதத்தில் சுமாராகவே இருந்தன. மெனுவில் "கேம்" என்ற பட நிலை இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் இரைச்சல் குறைப்பு, அசைவு மேம்பாடு, தானியங்கி வெளிச்சம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும். செல்போனில் ஆடும் ஃபிரீ ஃபயர் போன்ற ஆட்டத்தை வைஃபை வழியாக டிவியில் காட்டுபவர்களுக்கு ஒரு சொல்: அங்கே வரும் தாமதம் பெரும்பாலும் வைஃபை வழியாகப் படத்தை அனுப்புவதில் வருவது. டிவியை மாற்றினாலும் அது போகாது.

திரையில் விழும் தழும்பு: அச்சம் எவ்வளவு, உண்மை எவ்வளவு

இங்கே இரண்டு தனித்தனி விஷயங்களை ஒரே பெயரில் அழைப்பதால்தான் இத்தனை குழப்பம்.

1. தற்காலிக நிழல். ஒரு படம் வெகுநேரம் அசையாமல் நின்றால், அந்த இடத்து அறைகள் மற்றவற்றைவிடச் சற்று வேறுபட்டு எரியப் பழகிவிடும். காட்சி மாறிய பிறகும் பழைய ஸ்கோர்போர்டின் நிழல் மங்கலாகத் தெரியும். நிறைய அசைவுள்ள வேறு காட்சிகளை ஓட்டினால் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ மறைந்துவிடும். இதைப் பார்த்து "திரை போச்சு" என்று பயந்தவர்கள் ஏராளம்.

2. நிலையான தழும்பு. இது பர்ன்-இன். பாஸ்பர் எரிய எரியத் தேயும். திரை முழுவதும் ஒரே அளவில் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஓரிடத்தில் மட்டும் கூடுதலாகத் தேய்ந்தால் அந்த உருவம் அங்கேயே நின்றுவிடும். தேய்ந்த பாஸ்பரைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

இரண்டாவதில் கவனிக்க வேண்டியது, தழும்பை உண்டாக்குவது மொத்த நேரமல்ல, தேய்மானத்தின் ஏற்றத்தாழ்வு. தினம் இரண்டு மணி நேரம் வெவ்வேறு கேம்களை ஆடி, மற்ற நேரத்தில் சினிமாவும் கிரிக்கெட்டும் பார்க்கிற வீட்டில் ஏற்றத்தாழ்வு தானாகவே சமப்பட்டுவிடுகிறது. ஒரே ஆட்டத்தை மாதக்கணக்கில், தினமும் ஆறேழு மணி நேரம் ஆடும் வீட்டில் மூலையிலுள்ள குட்டி வரைபடம், உயிர்க்கோடு, தோட்டா எண்ணிக்கை ஆகியவை ஒரே இடத்தில் எரிந்துகொண்டே இருக்கின்றன. தழும்பு விழுவது அங்கேதான்.

கேமைவிட மோசமான எதிரியும் உண்டு. நாள் முழுக்கச் செய்திச் சேனல் ஓடும் வீட்டை நினைத்துப் பாருங்கள். மேலே சேனல் சின்னம், கீழே சிவப்புப் பட்டை, பட்டையில் வெள்ளை எழுத்து. காலை முதல் இரவு வரை அதே இடம், அதே நிறம். லாட்ஜ் வரவேற்பறை டிவிக்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுதான். அதனால் அங்கிருந்து வரும் டிவியை, எத்தனை பளபளப்பாக இருந்தாலும், கீழ்ப்பகுதியில் பட்டைத் தழும்பு இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கவே கூடாது.

ஆடும்போது செய்யக்கூடியவை:

1. கான்ட்ராஸ்ட்டை உச்சத்தில் வைக்காதீர்கள். கடை வெளிச்சத்துக்காக வைத்த "விவிட்" நிலை வீட்டுக்குத் தேவையில்லை. தேய்மான வேகம் வெளிச்சத்தோடு சேர்ந்தே ஏறும்.

2. படத்தை அவ்வப்போது ஓரிரு புள்ளி நகர்த்தும் வசதி பல பிளாஸ்மாக்களில் உண்டு. "ஆர்பிட்டர்" போன்ற பெயரில் மெனுவில் இருக்கும். அதைப் போட்டு வையுங்கள்.

3. கேமை நிறுத்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் டிவியை அணைத்துவிட்டுப் போங்கள். மெனு படம் அப்படியே நிற்பதைப் போலத் தீங்கு வேறில்லை.

4. பழைய 4:3 ஆட்டங்களில் இருபுறமும் விழும் கறுப்புப் பட்டையும் ஏற்றத்தாழ்வுதான். நடுப்பகுதி தேயும், ஓரம் தேயாது. பட்டையைச் சாம்பல் நிறத்தில் காட்டும் வசதி இருந்தால் பயன்படுத்தலாம்.

"வெள்ளைத் திரையை இரவு முழுக்க ஓட்டினால் தழும்பு போய்விடும்" என்று சிலர் சொல்வார்கள். அது தற்காலிக நிழலைக் குறைக்கலாம். நிலையான தழும்புக்கு அது செய்வது, மீதித் திரையையும் சேர்த்துத் தேய்ப்பதுதான்.

எந்த கன்சோல், எந்த ஒயர்

பிளாஸ்மாவின் காலமும் எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 ஆகியவற்றின் காலமும் ஒன்று. அவற்றின் ஆட்டங்கள் பல 720பி, அதாவது 720 வரி அளவில் ஓடுபவை. 768 வரி கொண்ட பிளாஸ்மாவில் அவை குறையில்லாமல் தெரியும். நின்டெண்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4 ஆகியவையும் பிரச்சினையின்றி ஓடும்.

பிளேஸ்டேஷன் 5 எச்டிஎம்ஐ ஒயர் வழியாகச் சேரும், படமும் வரும். ஆனால் 4கே இல்லை, வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் இல்லை, 120 ஹெர்ட்ஸ் இல்லை, படவேகத்தைக் கேமோடு ஒத்து மாற்றும் விஆர்ஆர் வசதியும் இல்லை. கன்சோலுக்குக் கொடுத்த பணத்தில் பாதிப் பயன் டிவி வாசலிலேயே நின்றுவிடும். கூடவே, பிளாஸ்மா ஒரே நேரத்தில் எரிக்கக்கூடிய மொத்த வெளிச்சத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. இரவுக் காட்சியில் ஒரு தெருவிளக்கு பளீரென்று தெரியும். பனிமலைக் காட்சி வந்தால் திரை முழுவதுமே மங்கிவிடும். டிவி கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். மின்சாரச் செலவையும் சூட்டையும் கட்டுக்குள் வைக்க அதன் உள்ளேயே அமைத்த ஏற்பாடு அது.

பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) வைத்திருப்பவர்களுக்குப் பிளாஸ்மா நல்ல துணை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரில் படம் கலங்கலாக இருக்கும். டிவியில் சிவப்பு, பச்சை, நீல நிற ஓட்டைகள் மூன்று இருந்தால் கம்போனென்ட் ஒயரை வாங்கிப் போடுங்கள், வித்தியாசம் பெரிது. பிஎஸ்2இன் படம் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று மாறிமாறி வருவது. டிவி அதைச் சேர்த்துத் தைக்கச் சற்று நேரம் எடுக்கும், அதனால் கொஞ்சம் தாமதம் கூடும். பழைய துப்பாக்கிக் கன்ட்ரோலர்கள் குழாய் டிவியின் கதிரோட்டத்தை வைத்து வேலை செய்பவை. பிளாஸ்மாவில் அவை வேலை செய்யா.

கம்ப்யூட்டர் திரையாகப் பயன்படுத்த நினைத்தால் வேண்டாம் என்றே சொல்வேன். 1024க்கு 768 திரையை அகலத் திரையாக நீட்டியிருப்பதால் அதன் புள்ளி சதுரமாக இருக்காது, எழுத்து சிதறும். கீழே டாஸ்க்பார் நாள் முழுக்க அசையாமல் நிற்கும். தழும்புக்கு வேறு அழைப்பே தேவையில்லை.

கரண்ட் பில்லும் இன்வெர்ட்டரும்

42 அங்குலப் பிளாஸ்மா, காட்சிக்கும் மாடலுக்கும் ஏற்ப, பெரும்பாலும் 200 முதல் 350 வாட் வரை இழுக்கும். அதே அளவு எல்இடி 100 வாட்டைத் தாண்டுவது அரிது. 250 வாட் பிளாஸ்மாவைத் தினம் மூன்று மணி நேரம் ஓட்டினால் 60 நாளில் 45 யூனிட். 70 வாட் எல்இடி என்றால் சுமார் 13 யூனிட். இரண்டு மாதத்தில் 32 யூனிட் வித்தியாசம்.

32 யூனிட் பெரிதில்லை என்று தோன்றலாம். தமிழ்நாடு-கேரள எல்லையின் இரு பக்கமும் வீட்டுக் கரண்ட் பில் பொதுவாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. இரு பக்கமும் விலை படிக்கட்டு போல ஏறுகிறது. கேரளத்தில் மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் படிக்கட்டுக் கணக்கே போய், மொத்த யூனிட்டுக்கும் ஒரே விலை விழுகிறது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து உயர்கிறது. குமுளியானாலும் கம்பமானாலும், இரண்டு மாதக் கணக்கில் கவனிக்க வேண்டிய எண் 500தான். இப்போது 480 வரும் வீட்டுக்கு இந்த 32 யூனிட் வலிக்கும். 200 வரும் வீட்டுக்கு அவ்வளவாக வலிக்காது. வாங்கும் முன் பழைய பில்லை எடுத்துப் பாருங்கள்.

இன்வெர்ட்டர் கணக்கு இன்னும் கடுமை. 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரியில் காகிதக் கணக்கில் 1,800 வாட்-மணி இருக்கிறது. இழப்பு போக, பேட்டரியை முழுக்கக் காலியாக்காமல் எடுக்கக்கூடியது 1,200 என்று வையுங்கள். பிளாஸ்மா 250, கன்சோல் 100, விளக்கும் விசிறியும் 100 என்றால் மூன்று மணி நேரம்கூட ஓடாது. எல்இடியாக இருந்தால் நாலு மணி நேரத்துக்கு மேல் வரும். மழைக்காலத்தில் மலைப் பகுதிகளில் மரம் விழுந்து கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அந்த நேரத்துக்கு வீட்டு வெளிச்சம் வேண்டும், கேம் வேண்டாம்.

மலையேறினால் டிவி ரீங்காரமிடுமா

பிளாஸ்மா பற்றிய பேச்சில் சமவெளிக்காரர்களுக்குத் தேவைப்படாத, மூணாறு, தேவிகுளம் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் இருப்பவர்களுக்குத் தேவைப்படும் விஷயம் இது.

பிளாஸ்மா பலகையின் உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. அதனால் வெளிக்காற்று இரண்டு கண்ணாடித் தகடுகளையும் உள்நோக்கி அழுத்தி, நடுவிலுள்ள மெல்லிய தடுப்புச் சுவர்களோடு ஒட்டிப் பிடித்துவைக்கிறது. உயரம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. 1,500 மீட்டரில் கடல்மட்டத்து அழுத்தத்தில் சுமார் 85 விழுக்காடுதான் மிஞ்சும். ஊட்டியின் 2,240 மீட்டரில் 77 விழுக்காடு. பிடி தளரும்போது, அறைகளை எரிக்கும் மின்துடிப்புகளுக்கு ஏற்பக் கண்ணாடி நுண்ணிதாக அதிரும். வண்டு பறப்பது போல ஒரு ரீங்காரம் கேட்கும். வெளிச்சமான காட்சியில் கூடும், இருட்டில் குறையும்.

தயாரிப்பாளர்கள் எத்தனை மீட்டர் உயரம் வரை பயன்படுத்தலாம் என்று கையேட்டில் குறிப்பிட்டிருப்பார்கள். மாடலுக்கு மாடல் அந்த எண் மாறும். 2,000 மீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பது வழக்கம். குமுளி, கட்டப்பனை உயரத்தில் கவலையே இல்லை. மூணாறு ஊர் 1,500, 1,600 மீட்டரை ஒட்டி இருப்பதால் பெரும்பாலும் வரம்புக்குள் வரும். அதற்கும் மேலே உள்ள எஸ்டேட்டுகளுக்குக் கொண்டுபோக நினைத்தால் கையேட்டைப் பார்த்துவிட்டுக் கொண்டுபோங்கள். போடிக் கடையில் சத்தமில்லாமல் ஓடிய டிவி மேலே போனதும் முனகினால் கடைக்காரர் ஏமாற்றினார் என்று பொருளல்ல.

இடியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சித்திரை, வைகாசியிலும், துலாவர்ஷம் என்று மேற்கே சொல்லும் ஐப்பசி மழையிலும் இந்த மலைகளில் மாலை நேரத்தில் இடி இறங்கும். ஸ்டெபிலைசர் இடியைத் தாங்காது. ப்ளக்கைப் பிடுங்குவதோடு, டிஷ் ஒயரையும் கேபிள் ஒயரையும் கழற்றுங்கள். எச்டிஎம்ஐ வழியாகக் கன்சோலும் போய்விடும்.

வாங்கப் போகிறவர் கடையில் செய்ய வேண்டியவை

பானாசோனிக் 2013 டிசம்பரில் பிளாஸ்மா தயாரிப்பை நிறுத்தியது. சாம்சங்கும் எல்ஜியும் 2014இல் நிறுத்தின. வளைகுடாவிலிருந்து வந்த டிவிகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: தட்டைத் திரை டிவியை வரியின்றிக் கொண்டுவரும் சலுகையை இந்திய அரசு 2013 ஆகஸ்ட் 26 முதல் நீக்கியது. அதன் பிறகு அப்படிக் கொண்டுவருவது குறைந்துபோனது. ஆக, கடையில் நிற்கும் பிளாஸ்மா எதுவானாலும் அதற்குப் பத்து வயதுக்கு மேல். புதிய திரைப் பலகை உலகில் எங்கும் செய்யப்படுவதில்லை. போர்டு போனால் இன்னொரு செத்த டிவியிலிருந்து எடுத்துத்தான் மாட்ட வேண்டும்.

1. முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழு நீலம், முழு வெள்ளை, நடுச் சாம்பல் ஆகிய ஐந்து படங்களைப் பென் டிரைவில் கொண்டுபோய் ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லுங்கள். தழும்பு எந்த நிறத்தில் ஒளிந்திருந்தாலும் இவற்றில் ஒன்றில் வெளிப்படும்.

2. டிவி ஆறியிருக்கும்போது போடச் சொல்லுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் அணைத்து, அரை மணி நேரம் பொறுத்துத் திரும்பப் போடுங்கள். போட்டதும் தானே அணைந்து சிவப்பு விளக்கு கண் சிமிட்டினால் வாங்க வேண்டாம்.

3. எச்டிஎம்ஐ ஓட்டைகள் எல்லாவற்றிலும் கன்சோலைச் செருகிப் பாருங்கள். இடியில் அவை எளிதில் போய்விடலாம்.

4. பின்பக்க ஸ்டிக்கரில் மின்னழுத்தத்தைப் பாருங்கள். வளைகுடாவிலிருந்து வந்தது 220-240 வோல்ட் என்றால் நேராகச் செருகலாம். 110 வோல்ட் மட்டும் என்றிருந்தால் விட்டுவிடுங்கள்.

5. கேமை அரை மணி நேரமாவது ஆடிப் பாருங்கள். தாமதம், பச்சை நிழல், விசிறிச் சத்தம் எல்லாவற்றுக்கும் இதுவே சோதனை.

மூடியைக் கழற்றி உள்ளே பார்ப்பது பழக்கமான மெக்கானிக்கின் வேலை. பலகையை ஓட்டும் மின்னழுத்தம் 200 வோல்ட் அளவுக்குப் போகும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

எடுத்துப்போவதிலும் எச்சரிக்கை வேண்டும். 42 அங்குலப் பிளாஸ்மா நல்ல கனம், பழையது இன்னும் கனம். படுக்கவைத்தால் நடுக்கண்ணாடிக்கு அடியில் பிடிமானம் இருக்காது, குலுக்கலில் விரிசல் விழும். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் அது நின்ற நிலையிலேயே, இருபுறமும் மெத்தை கொடுத்துக் கட்டி வர வேண்டும். குளிர்ந்த மூணாற்றிலிருந்து கீழே போடியின் வெக்கைக்கு இறக்கினால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். வீட்டில் வைத்து நாலைந்து மணி நேரம் ஈரம் காயவிட்டு, அதன் பிறகே ப்ளக்கைச் செருகுங்கள்.